கல்யாணப் பத்திரிகை இணையப் பக்கத்துக்கு நாதஸ்வரப் பின்னணி: ஒலிக்கோப்பைத் தயார் செய்வது எப்படி

மஞ்சள் தடவிய பத்திரிகை கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸப்பில் லிங்க் வந்துவிடுகிறது. தொட்டால் பிள்ளையார் சுழியோடு பக்கம் திறக்கும். முகூர்த்த நேரம், மண்டபத்தின் மேப், பெண் மாப்பிள்ளை படம், பின்னால் நாதஸ்வரம். அந்த நாதஸ்வரம் பல பக்கங்களில் எங்கிருந்தோ இறக்கிய ஐந்து நிமிடக் கோப்பாக இருக்கிறது. 320 கிலோபிட்டில் அது 12 மெகாபைட். மொபைல் டேட்டாவில் படங்களோடு முட்டி மோதிக்கொண்டு இறங்கும். இறங்கியதும் ஆபீஸ் நடுவே தவில் வெடிக்கும். சில ஐபோன்களில் ஒன்றுமே கேட்காது. பாட்டு முடிந்ததும் ‘டப்’ என்று அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இவற்றில் பெரும்பாலானவை கோப்பைத் தயார் செய்யும்போதே தீர வேண்டியவை. ‘சத்தம் அதிகமென்றால் கோடில் குறைத்துக்கொள்ளலாம்’ என்று விடுவதுதான் முதல் தவறு. ஐபோன் சஃபாரியில் ஆடியோ டேக்கின் (பக்கத்தில் ஒலியை ஓட்டும் எச்டிஎம்எல் குறியின்) வால்யூமை ஜாவாஸ்கிரிப்ட்டால் மாற்ற முடியாது. 0.3 என்று எழுதினாலும் முழு ஒலியில்தான் ஓடும். ஒலியளவு, நீளம், தொடக்கம், முடிவு எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே முடித்துவிட்டால் எந்த போனில் திறந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். இங்கே சொல்லும் வேலைகளுக்கு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

யாருடைய வாசிப்பு?

உரிமை விஷயத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பக்கம் பரவிய பிறகு இசையை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அதைச் சமாளிப்பது கொடுமை.

ஒரு வாசிப்பில் இரண்டு பதிப்புரிமைகள் இருக்கின்றன. உருப்படியை இயற்றியவருக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் அதை ஒரு வித்வான் போன வருடம் வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளிவந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவில் தீர்ந்தது. வெளிநாடுகளில் கணக்கு வேறு. சினிமாப் பாட்டென்றால் இசை, வரிகள், ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும்.

‘கல்யாணத்துக்குத்தான் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது திருமணச் சடங்கிலும், ஊர்வலத்திலும், திருமணத்தை ஒட்டிய விழாக்களிலும் இசைப்பதைப் பற்றியது. சர்வரில் மாதக்கணக்கில் வைத்து உலகம் முழுவதும் ஒலிக்க விடுவதற்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் பதிவுகளை எடுப்பதானால் உரிமத்தின் வகையைப் பாருங்கள். ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ என்று இருந்தால், கீழே சொல்லும் வெட்டி ஒட்டும் வேலை எதையும் அதில் செய்து வெளியிட முடியாது. ‘அட்ரிபியூஷன்’ என்று இருந்தால் பக்கத்தின் அடியில் வாசித்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் பேசியிருக்கும் மேளக் குழுவிடமே மூன்று நிமிடம் வாசித்துத் தரச் சொல்லுங்கள். தனியாகச் சம்பாவனை கொடுத்து, ‘இந்தப் பதிவை இந்த இணையப் பக்கத்தில் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும். பந்தலில் வாசிக்கப்போகும் அதே நாதஸ்வரம் பத்திரிகையிலும் ஒலிக்கும்.

எதை வாசிக்கச் சொல்வது, எப்படிப் பதிவது

கெட்டிமேளம் வேண்டாம். அதற்குரிய இடம் மாங்கல்யதாரணம். பத்திரிகையைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அது திடுக்கிடல் மட்டுமே. ஆனந்தபைரவி, நீலாம்பரி போன்ற ராகத்தில் நிதானமான ஆலாபனை பின்னணிக்கு மிகவும் பொருந்தும். தாளம் இல்லாததால் எங்கும் வெட்டி ஒட்டவும் எளிது. தவில் வேண்டுமென்றால் விளம்ப காலத்தில் (மெதுவான நடையில்), சொற்கட்டு குறைவாக வாசிக்கச் சொல்லுங்கள். குழுவிடம் பாரி நாயனம், திமிரி இரண்டும் இருந்தால் பாரியைக் கேளுங்கள். சுருதி தணிந்திருப்பதால் போன் ஸ்பீக்கரிலும் காதைக் கீறாது.

மைக்கை நாதஸ்வரத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்க்கு) நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். தவில்காரர் இன்னும் ஒரு மீட்டர் பின்னால் உட்காரட்டும். டைல்ஸ் போட்ட வெற்று ஹாலில் எதிரொலி பின்னிக்கொள்ளும். ஜமக்காளம் விரித்து, திரை போட்ட அறை போதும். ஏசி, ஃபேன் இரண்டையும் நிறுத்துங்கள்.

போனில் பதிவதானால் ஆட்டோ கெயினை (ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பதை) அணைக்க முடிகிற, வேவ் கோப்பாகச் சேமிக்கிற ஆப் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். ஆட்டோ கெயின் இருந்தால் ஒவ்வொரு தவில் அடிக்கும் நாதஸ்வரம் ஒரு கணம் உள்வாங்கி மேலே வரும். அப்படிப் பதிந்ததைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. உச்ச ஒலி -12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துக்கொண்டு, 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள்.

சுருதிப்பெட்டியைப் போடுவதற்கு முன் ஐந்து நொடி வெறும் அறையைப் பதிந்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். இரைச்சல் நீக்கும்போது ஆடாசிட்டிக்கு இரைச்சலின் மாதிரி ஒன்று காட்ட வேண்டும். சுருதி ஒலிக்கும் இடத்தை மாதிரியாகக் கொடுத்தால், மாறாமல் நீளும் சுருதியையே அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அரித்துவிடும். எஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வரும் நாதஸ்வரம் மாதிரி கேட்கும். நாய்ஸ் ரிடக்‌ஷனில் 6 முதல் 9 டெசிபல் குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் இரைச்சலோடு நாதத்தின் ஓரமும் போய்விடும்.

மோனோவாக்கி, தேவையற்றதை நீக்குதல்

பதிவை ஆடாசிட்டிக்குள் இழுத்துப் போட்டதும் முதலில் மோனோவாக்குங்கள். டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ், அதற்குள் ‘மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ’. பத்திரிகையைப் பெரும்பாலோர் திறப்பது போனில், கேட்பது அதன் சின்ன ஸ்பீக்கரில். ஸ்டீரியோவால் அங்கே பலன் இல்லை, கோப்பின் எடை மட்டும் கூடும். இறக்கிய பதிவாக இருந்தால் மோனோவாக்கியதும் ஒருமுறை கேளுங்கள். அகலம் கூட்டுவதற்காக ஒரு பக்கத்தின் ஃபேஸைத் (அலையைத் தலைகீழாக) திருப்பியிருந்தால், இரண்டு பக்கமும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நாதஸ்வரம் பாதி காணாமல் போகும். அப்படி நடந்தால் கலக்காமல், ஸ்டீரியோவைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

அடுத்து ஹை-பாஸ் ஃபில்டர், 120 ஹெர்ட்ஸ். கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் உறுமல், மைக் ஸ்டாண்டின் அதிர்வு, ரோட்டில் போகும் பஸ் எல்லாம் இதில் போய்விடும். நாதஸ்வரத்தின் தணிந்த ஸ்வரங்களும் இதற்கு மேலேதான் இருப்பதால் அதற்குச் சேதம் இல்லை. தவிலின் தொப்பியில் (குச்சியால் அடிக்கும் பக்கத்தில்) கொஞ்சம் குறையும். போன் ஸ்பீக்கர் அதை எப்படியும் ஒலிக்காது.

பிறகு ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை மென்மையான ஒரு பள்ளம், 3 அல்லது 4 டெசிபல் ஆழத்தில். மனிதக் காது அதிகம் உணர்வது அந்த இடத்தில்தான். போன் ஸ்பீக்கர் தூக்கிக் கொடுப்பதும், சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டின்) கூர்மை உட்கார்ந்திருப்பதும் அங்கேயே. இந்த ஒரு பள்ளத்தால் நாதஸ்வரம் ஒரு அறை தள்ளிப் போய் வாசிப்பது போலாகும். 6 டெசிபலுக்கு மேல் வெட்டினால் நாதஸ்வரம் கிளாரினெட் சாயலுக்குப் போய்விடும்.

நீளம்: ஒருமுறை ஓடி நின்றால் போதும்

கேட்டால் எல்லோரும் லூப் என்பார்கள். பத்திரிகைப் பக்கத்தில் ஒருவர் இருக்கும் நேரம் ஒன்று, இரண்டு நிமிடம். 75 முதல் 90 நொடி ஓடி, தானே தணிந்து நிற்கும் இசை இங்கே லூப்பை விட மேல். தயாரிப்பதும் எளிது. ஒரு சங்கதி தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து, சட்ஜத்தில் வந்து நிற்கும் இடத்தில் முடியுங்கள். தொடக்கத்தில் ஒன்றரை நொடி ஃபேட் இன், முடிவில் ஐந்து நொடி ஃபேட் அவுட். தொடக்கத்தில் வெற்று மௌனம் துளியும் இருக்கக்கூடாது. பட்டனைத் தொட்டவர் இரண்டு நொடி ஒன்றும் கேட்காவிட்டால் வேலை செய்யவில்லை என்று மறுபடி தொடுவார், இசை நின்றுவிடும்.

ஆல்பம், ஊஞ்சல் படங்கள், கதை என்று பக்கம் நீளமாக இருந்து லூப் வேண்டியே ஆக வேண்டுமென்றால், பொறுமையாகக் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

தையல் தெரியாத லூப்

ஒரு துண்டின் முடிவைத் தொடக்கத்தோடு நேராக ஒட்டினால் ஒட்டு கேட்கும். ஒட்டும் இடத்தைக் கோப்பின் ஓரத்திலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவதே தந்திரம்.

64 நொடி ஆலாபனைத் துண்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில், 32-ஆம் நொடியை ஒட்டி வித்வான் மூச்செடுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே சுருதி மட்டும் கேட்கும். இசட் விசையை அழுத்தி, அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளிக்குத் தேர்வை நகர்த்தி, அங்கே வெட்டுங்கள். இரண்டாம் பாதியை முதலில் வையுங்கள், முதல் பாதியைப் பின்னால் வையுங்கள். இப்போது புதிய கோப்பின் முடிவும் தொடக்கமும் ஒரே வெட்டின் இரு பக்கங்கள். வித்வான் இடைவிடாமல் வாசித்த இடம் என்பதால் லூப் திரும்பும்போது ஒட்டு என்று ஒன்று இருக்காது.

பழைய முடிவும் பழைய தொடக்கமும் நடுவில் சந்திக்கின்றன. அங்கே மட்டும் ஒட்ட வேண்டும். இரண்டையும் தனித்தனி டிராக்கில் வைத்து, நாலு நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நகர்த்துங்கள். அந்த நாலு நொடியை இரண்டு டிராக்கிலும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ‘கிராஸ்ஃபேட் டிராக்ஸ்’ கொடுங்கள். வகை ‘கான்ஸ்டன்ட் பவர்’. மற்ற வகையில் நடுவில் ஒலி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது போல் கேட்கலாம். இரண்டையும் ஒரே டிராக்காகக் கலந்தால் மொத்தம் 60 நொடி.

இந்த நாலு நொடியில் என்ன ஒலிக்கிறது என்பதில்தான் வேலை நன்றாக அமைவதும் கெடுவதும். இரண்டு பக்கமும் சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ கார்வையாக (ஒரே ஸ்வரத்தில் நீண்டு) நிற்கும் இடமாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். ஒரு பக்கம் கமகம் (ஸ்வர அசைவு), மறுபக்கம் பிருகா (வேகமான ஸ்வர ஓட்டம்) என்றால் இரண்டு நாதஸ்வரம் மோதிக்கொள்வது தெளிவாகத் தெரியும். ஆகவே 64 நொடித் துண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் முதல் நாலு நொடியும் கடைசி நாலு நொடியும் கார்வையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளத்தோடு கூடிய உருப்படியில் நொடிக்கணக்கு உதவாது, ஆவர்த்தனக் கணக்குதான் (தாளத்தின் முழுச் சுற்றுக் கணக்கு) வேண்டும். ஆதி தாளத்தில் ஒரு அட்சரம் 0.75 நொடி என்றால் எட்டு அட்சரம் கொண்ட ஆவர்த்தனம் 6 நொடி, எட்டு ஆவர்த்தனம் 48 நொடி. வெட்டு சமத்தில், அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் விழ வேண்டும். தவில் அடியின் அலை எழும்புவதற்கு ஒரு மயிரிழை முன்னால். அடி எழும்பிய பிறகு வெட்டினால் ‘த’ போய் ‘ஊம்’ மட்டும் கேட்கும்.

இன்னொன்று, மனிதர் வாசிப்பதில் காலப்பிரமாணம் மெல்ல ஏறும். முதல் ஆவர்த்தனத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் தேர்ந்தெடுத்து நீளத்தைப் பாருங்கள். முதலாவது 6.0, கடைசி 5.7 என்றால் லூப் திரும்பும் ஒவ்வொரு முறையும் கச்சேரி திடீரென்று பின்னுக்கு இழுக்கும். எட்டு ஆவர்த்தனத்தைக் குறைத்து, வேகம் நிலையாக நிற்கும் நாலு ஆவர்த்தனமாக எடுங்கள். வேகத்தைச் செயற்கையாக நீட்டிச் சமன்செய்தால் தவில் முதலில் சீரழியும்.

லூப் கோப்புக்குள் ஃபேட் இன், ஃபேட் அவுட் போடக்கூடாது. போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை இசை மூழ்கி எழும்.

ஒலியளவு

இதற்கு எஃபெக்ட் மெனுவில் ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’. அளவு -22 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு). ‘ட்ரீட் மோனோ ஆஸ் டூயல் மோனோ’ என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் மோனோ கோப்பு 3 டெசிபல் கூடுதலாக வெளிவரும்.

ஏன் -22? பாட்டு ஸ்ட்ரீமிங் சேவைகள் தங்கள் ஒலியை -14-ஐ ஒட்டி வைக்கின்றன. பத்திரிகையைத் திறப்பவரின் போன் வால்யூம், கடைசியாகக் கேட்ட பாட்டுக்கு ஏற்றபடி இருக்கும். அதிலிருந்து 8 டெசிபல் தாழ்ந்தால் காதுக்குக் கிட்டத்தட்டப் பாதிச் சத்தம். பின்னணிக்கு அதுவே சரியான இடம். பீக் நார்மலைஸ் மட்டும் செய்தால் போதாது. அது ஒரே ஒரு தவில் அடியின் உச்சத்தைப் பார்த்துக் கோப்பு முழுவதையும் ஏற்றி இறக்கும், காதுக்கு எவ்வளவு சத்தம் என்பதை அது அளப்பதில்லை.

நார்மலைஸ் செய்த பிறகும் சில தவில் அடிகள் முட்டிக்கொண்டு நின்றால் லிமிட்டரில் -8 டெசிபலில் தடுத்து நிறுத்துங்கள். ஆலாபனை மட்டும் என்றால் இது தேவைப்படாது.

பக்கத்தில் தாத்தா பாட்டி குரலில் அழைப்பு ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் இப்போது வருகிறது. பேச்சுக்குக் கீழே இசை ஓடுவதானால் அது பேச்சை விட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும். இணையப் பக்க அணுகல்தன்மை வழிகாட்டி சொல்லும் அளவும் அதுதான். காது மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி. இரண்டையும் தனித்தனிக் கோப்பாக ஓட விடாமல் ஆடாசிட்டியிலேயே கலந்து ஒரே கோப்பாக்குங்கள்.

எக்ஸ்போர்ட்

எம்பி3, மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், கான்ஸ்டன்ட் 64 கிலோபிட். நொடிக்கு 8 கிலோபைட் கணக்கு. 60 நொடி லூப் 480 கிலோபைட், 90 நொடிக் கோப்பு 720 கிலோபைட். மோனோவில் 64 என்பது ஸ்டீரியோவில் 128-க்குச் சமமான தரம். 48-க்கு இறக்கினால் சீவாளியின் ஒலியைச் சுற்றிச் சலசலப்பு கேட்கத் தொடங்கும்.

ஓபஸ் என்ற இன்னொரு ஒலிக்கோப்பு வகை இதைவிடச் சிக்கனம். 40 கிலோபிட் மோனோவிலேயே நன்றாகக் கேட்கும். 60 நொடிக்கு 180 கிலோபைட் மிச்சம். ஆனால் பழைய ஐபோன்களில் அது ஓடாது, எப்படியும் எம்பி3 ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். ஒரு படத்தைச் சரியாகச் சுருக்கினாலே கிடைக்கும் மிச்சத்துக்காக இரண்டு கோப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். எம்பி3-இன் உரிமத் திட்டம் 2017-இலேயே முடிந்துவிட்டதால் அந்தக் கவலையும் இல்லை.

ஏற்கெனவே எம்பி3-யாக இருப்பதைத் திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். திருத்தங்கள் முழுவதும் ஆடாசிட்டி புராஜெக்டிலோ வேவிலோ இருக்கட்டும். எம்பி3 கடைசி ஒரு முறைதான். கோப்புக்குள் அட்டைப் படம் ஒட்டியிருந்தால் நீக்குங்கள். கண்ணுக்குத் தெரியாமல் சில நூறு கிலோபைட்டை அது தின்றுகொண்டிருக்கும். கோப்பின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

லூப்புக்கு எம்பி3-இல் ஒரு தொல்லை இருக்கிறது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக நறுக்கி வைக்கிறது. முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெற்று மாதிரிகள் சேர்ந்துவிடும். அதனால்தான் வேவில் அழகாகச் சுற்றிய லூப், எம்பி3 ஆனதும் விக்குகிறது. ஆடியோ டேக்கில் லூப் பண்பைப் போட்டால் இந்த விக்கல் பல போன்களில் கேட்கும்.

இதற்குத் தீர்வு: 60 நொடி லூப்பின் கடைசி அரை நொடியை நகலெடுத்து அதன் தொடக்கத்துக்கு முன்னால் ஒட்டுங்கள். முதல் அரை நொடியை நகலெடுத்து முடிவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இப்போது 61 நொடிக் கோப்பு. பக்கத்தில் வெப் ஆடியோ (பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டால் ஒலியைக் கையாளும் வசதி) வழியாக ஓடவிட்டு, லூப் ஸ்டார்ட் 0.25, லூப் எண்ட் 60.25 என்று கொடுங்கள். ஓடத் தொடங்கும் இடமும் 0.25. எம்பி3 எவ்வளவு வெற்று மாதிரிகளைச் சேர்த்தாலும் அவை இந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே இருப்பது 60 நொடிக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்லும் அலை. எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் சரியாக 60 நொடியில் வட்டம் முடியும். அந்த நீளத்தில் மட்டும் பிசகக்கூடாது. ஆடாசிட்டியின் கீழே தேர்வின் அளவை மாதிரி எண்ணிக்கையாகக் காட்டச் சொன்னால், 44,100 ஹெர்ட்ஸில் 60 நொடிக்கு 26,46,000 என்று இருக்க வேண்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் ‘டிக்’ கேட்கும்.

வெப் ஆடியோ கோப்பை முழுவதும் விரித்து நினைவகத்தில் வைக்கும். 61 நொடி மோனோ, 48,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 11.7 மெகாபைட். ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. ஐந்து நிமிடப் பாட்டை இப்படிப் போட்டால் சாதாரண போன் மூச்சுத் திணறும்.

பக்கத்தில் வைப்பது

தானாக ஒலிக்கும்படி வைக்க முயலாதீர்கள். 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 முதல், பயனர் பக்கத்தைத் தொடுவதற்கு முன் சத்தத்தோடு ஓடுவதை பிரவுசர் பொதுவாகத் தடுக்கிறது. சஃபாரியும் அப்படியே. விரலால் தள்ளிக் கீழே போவது தொடுவதாகக் கணக்கில்லை. பத்திரிகைக்கு இதில் நல்ல வசதி உண்டு. மூடிய உறை ஒன்றைக் காட்டி, ‘பத்திரிகையைத் திறக்க’ என்று ஒரு பட்டன் வையுங்கள். அந்தத் தொடுதலே இசைக்கும் அனுமதி. அருகிலேயே ‘இசையின்றித் திறக்க’ என்றும் ஒன்று இருக்கட்டும், சாவு வீட்டிலும் மருத்துவமனையிலும் இருப்பவருக்கும் பத்திரிகை போகும்.

பிளே கட்டளையை அந்த கிளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே நேரடியாகக் கொடுங்கள். உறை திறக்கும் அனிமேஷன் முடிந்த பிறகு என்று இரண்டு நொடி டைமர் வைத்தால் சஃபாரி மறுத்துவிடக்கூடும். பிளே ஒரு பிராமிஸைத் (முடிவைப் பிறகு தெரிவிக்கும் பொருளை) திருப்பித் தரும். அது நிராகரிக்கப்பட்டால் பட்டனை ‘இசை நிற்கிறது’ என்ற நிலைக்கு மாற்றுங்கள்.

நிறுத்தும் பட்டன் திரையின் ஓரத்தில் எப்போதும் தெரிய வேண்டும், 44 பிக்சலுக்குக் குறையாமல். அதன் நிலையை நீங்களே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளாமல் ஆடியோவின் பிளே, பாஸ் நிகழ்வுகளைக் கேட்டு மாற்றுங்கள். நடுவில் போன் கால் வந்தால் இசை தானே நின்றுவிடும். உங்கள் மாறிக்கு அது தெரியாது. பட்டன் ஒன்றைக் காட்டும், காது இன்னொன்றைக் கேட்கும்.

மண்டபத்துக்கு வழி பார்க்க மேப்பைத் தொட்டதும் இசை நிற்க வேண்டும். நிறுத்தாவிட்டால் மேப் ஆப் முன்னால் வந்த பிறகும், போன் பைக்குள் போன பிறகும் நாதஸ்வரம் தொடரலாம். விசிபிலிட்டி சேஞ்ச் நிகழ்வில் பக்கம் மறைந்ததும் பாஸ் கொடுங்கள். திரும்பி வந்ததும் தானாகத் தொடங்க வேண்டாம், வேண்டியவர் தொட்டுக்கொள்வார்.

ஐபோனில் சைலன்ட் சுவிட்ச் போட்டிருந்தால் வெப் ஆடியோ வழி வரும் இசை பொதுவாக அடங்கிவிடும். ஆடியோ டேக் வழி வருவது அடங்காது. ‘ஐபோனில் மட்டும் கேட்கவில்லை’ என்று புகார் வந்தால் முதலில் சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடியோ டேக் என்றால் பிரீலோட் மதிப்பை ‘நன்’ என்று வைத்து, படங்கள் இறங்கி முடிந்த பிறகு ‘ஆட்டோ’ ஆக்குங்கள். சர்வர் இந்தக் கோப்பை ‘ஆடியோ/எம்பெக்’ என்ற வகையோடு அனுப்புகிறதா, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு 206 என்று பதில் தருகிறதா என்று பிரவுசரின் நெட்வொர்க் பலகையில் பாருங்கள். 200 மட்டும் தரும் சர்வரில் குரோம் பேசாமல் ஓட்டிவிடும், சஃபாரியின் ஆடியோ டேக் பேசாமல் மறுத்துவிடும். ஐபோனில் ஒன்றும் கேட்காததற்கு இது இன்னொரு காரணம்.

ஓடும் இசையின் விவரத்தை போனுக்குச் சொல்லும் மீடியா செஷனில் தலைப்பாக மணமக்கள் பெயரையும், கலைஞர் இடத்தில் நாதஸ்வர வித்வான், தவில் வித்வான் பெயர்களையும் கொடுங்கள். போனின் நோட்டிஃபிகேஷனில் அந்தப் பெயர்கள் தெரியும். பக்கத்தின் அடியிலும் ஒரு வரி வரட்டும்.

அனுப்புவதற்கு முன்

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, வாட்ஸப் லிங்க்கைத் தொட்டே திறந்து பாருங்கள். வால்யூமைப் பாதியில் வைத்து, பத்திரிகை வரிகளை ஒருவர் சாதாரணக் குரலில் உரக்கப் படிக்கட்டும். எதிரே இருப்பவருக்கு ஒரு சொல் தப்பினாலும் இசை அதிகம். ஆடாசிட்டிக்குத் திரும்பி -24-க்கு இறக்குங்கள். அடுத்து இயர்போனில் வால்யூமை முழுதாக வைத்துக் கேளுங்கள். ஒட்டின் தடமும் இரைச்சலும் அங்கேதான் வெளிப்படும். லூப் என்றால் மூன்று சுற்று முழுவதும், வேறு வேலை பார்க்காமல் கேட்க வேண்டும். பிறகு ஐபோன் ஒன்றில் திறந்து, நடுவில் அந்த எண்ணுக்கு ஒரு கால் போடுங்கள், மேப்பைத் தொடுங்கள், திரையைப் பூட்டுங்கள்.

ஆடாசிட்டி புராஜெக்டையும் திருத்தாத மூல வேவையும் அழித்துவிடாதீர்கள். மண்டபமோ நேரமோ மாறிப் புதிய பக்கம் போடும்போதும், வரவேற்புக்குத் தனிப் பக்கம் கேட்கும்போதும் அதிலிருந்து அரை மணியில் இன்னொரு நீளத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். மாற்றிய கோப்பை ஏற்றும்போது அதன் பெயரின் கடைசியில் ஓர் எண் சேருங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால், ஏற்கெனவே திறந்தவர்களின் போன் தன் கேஷில் இருக்கும் பழைய இசையையே ஓட்டிக்கொண்டிருக்கும்.